காலியாகத் திரும்பிய டப்பா

பக்கத்து வீட்டுப் பாப்பா அக்காவின் பின்வாசலில் குந்திக்கொண்டு, மங்களம் திருடியைப் போல முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் தட்டைத் துண்டால் மூடினாள்.

“உம்மவன் இல்லலா, பேப்பர்காரன்,” என்று பாப்பா சிரித்தாள். “சொந்த வீட்டுல அடுப்ப வெச்சிக்கிட்டு இங்க வந்து ஒளிஞ்சி முட்டை அவிக்கிறியே, ஒனக்கு இந்த நெலம வந்திருக்க வேணாம்.”

“என்னக்கா செய்யறது? அவன் வெரதம். வீட்டுக்குள்ள மீனு, முட்டை வாடையே வரக்கூடாது. சாமி காரியம், நான் வாயத் தொறக்க முடியுமா?”

மகன் தர்மா தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறான். பாயில் படுக்கை, பச்சைத் தண்ணீர்க் குளியல், சைவச் சாப்பாடு. எல்லாம் அப்பாவுக்காகத்தான். கார்த்திகேசுவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்கப்போகிறான் பிள்ளை. ஆப்பரேசன் நல்லபடியாக முடிய வேண்டும் என்று முருகனிடம் வேண்டுதல்.

கார்த்திகேசு லேசில் சம்மதிக்கவில்லை. “பிள்ளகிட்ட புடுங்கித்தான் நான் வாழணுமா?” என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, ஒரு நாள் தானாகவே அடங்கிவிட்டார். மங்களத்துக்கு அன்றைக்குத்தான் மூச்சே வந்தது.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. இரத்தத்தில் புரோட்டீன் குறைவு, அது ஏறினால்தான் ஆப்பரேசன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் முட்டையின் வெள்ளைக்கரு கொடுக்க வேண்டும். உப்பு ஆகாது, பருப்பு ஆகாது. சைவத்திலேயே சமாளிக்கலாம் என்றால் அந்த வழியும் அடைத்துப்போனது.

இந்த லட்சணத்தில் சின்னவள் தினேஸ்வரி வேறு. கடலை, பால், கோதுமை, எது நாக்கில் பட்டாலும் உதடு வீங்கி மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும் அவளுக்கு. ஆளுக்கு ஒரு சமையல் என்று மூன்று சட்டி வைக்க, லோரி ஓட்டும் தர்மாவின் சம்பளம் எங்கே போதும்?

ஒவ்வொருவருக்கும் ஆகாததைக் கழித்துக்கொண்டே வந்தால், கடைசியில் மிஞ்சுவது மீஹூன் என்கிற அரிசிச் சேமியாவும் முட்டைக்கோசும்தான். உப்பில்லாமல் பிரட்டி, புருசனுக்கு எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் உப்பும் மிளகாயும் போட்டுப் பிள்ளைகளுக்கு. நேற்றும் அதுதான், இன்றும் அதுதான். “மறுபடியும் இதாம்மா?” என்று சின்னவள் கேட்கும்போதெல்லாம் மங்களம் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அழுகிற முகத்தைப் பிள்ளைக்குக் காட்டி என்ன ஆகப்போகிறது?

“கார்த்திகேசு அண்ணன் முட்டை சாப்பிடுறாருல்ல?” என்று கேட்டாள் பாப்பா.

“அதெல்லாம் மிச்சம் வைக்காம சாப்பிடுறாருக்கா. டயாலிசிஸ் நாள்ல அங்கேயே குடுத்துடுவேன். வீட்டுல இருக்கிற நாள்ல, தர்மா கண்ணுல படக்கூடாதுன்னு டப்பாவத் தூக்கிக்கிட்டுக் கொல்லப்பக்கம் போயிடுவாரு. காலி டப்பாதான் திரும்பி வரும். ஒடம்புதான் தேறவே மாட்டேங்குது. கட்டில்ல படுத்தா முதுகு வலிக்குதுன்னு இப்பல்லாம் தரையிலதான் படுக்கிறாரு.”

வெள்ளைக்கருவை மட்டும் டப்பாவில் போட்டு மூடிக்கொண்டு மங்களம் கிளம்பினாள். சுங்கை சிப்புட் டவுனில் இருக்கும் டயாலிசிஸ் சென்டரில், கணவரிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டு வழக்கம்போல வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். நோயாளி அல்லாதவர்கள் உள்ளே உட்காரக் கூடாது.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் ஷர்மினி வெளியே வந்தாள்.

“ஆண்ட்டி, பிளட் ரிப்போட் வந்துருச்சி. அங்கிளுக்குப் புரோட்டீன் இன்னும் எறங்கிதான் போயிருக்கு. இந்த நெலமையில ஆப்பரேசன் செய்ய முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

“அப்ப எப்பம்மா செய்வாங்க?”

“தெரியல ஆண்ட்டி. இப்போதைக்கு இல்ல.”

மங்களம் பெஞ்சைவிட்டு எழுந்தாள். “நான் என்னம்மா கொற வெச்சேன்? ஊர் அடுப்புல ஒளிஞ்சி ஒளிஞ்சி அவிச்சிக் கொண்டாறேன். ஒரு நாளு தவறினதில்ல. டப்பா காலியாதானே திரும்பி வருது!”

ஷர்மினி உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். “காலியாதான் வரும் ஆண்ட்டி. பக்கத்து சீட்டு பெத்தபெருமாள் அங்கிளுக்குல்ல தூக்கிக் கொடுத்துடுறாரு. நீங்க சொல்லித்தான் கொடுக்கிறாருன்னு நாங்க நெனச்சோம். அவரு ரிப்போட் நல்லா ஏறியிருக்கு.”

மங்களம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். யாரும் தடுக்கவில்லை. பெத்தபெருமாள் வாயில் இருந்த முட்டையோடு விழித்தார். கையில் குழாயோடு சாய்ந்திருந்த கார்த்திகேசு அவளைப் பார்த்தார்.

“ஏங்க இப்படிப் பண்ணீங்க? நான் நாய் படாத பாடு படறேன், நீங்க ஊருக்குத் தானம் பண்ணிக்கிட்டு இருந்தீங்களா?” அவள் அவருடைய நாற்காலியருகே வந்து நின்றாள். “ஆப்பரேசன் இல்லன்னு சொல்லிட்டாங்க. கேட்டுச்சா? இல்லன்னுட்டாங்க!”

“நெசமாவா?”

“நெசமாத்தான்!”

ஊசி குத்தாத கையை நெஞ்சில் வைத்து, “முருகா” என்று அவர் கண்களை மூடிக்கொண்டார். நோயில் விழுந்த நாளிலிருந்து அந்த முகத்தில் அவள் அப்படி ஒரு நிம்மதியைப் பார்த்ததே இல்லை.

“நானும் வெரதம்தான், மங்களம். பிள்ள ஒடம்புல கத்தி படக்கூடாதுன்னு.”