ஈயக்கட்டி பெல்ட்

கட்டில் முழுக்கத் தீவுப் பயணம் பரந்து கிடந்தது. நீச்சல் கண்ணாடி, மூச்சு விடுகிற குழாய், வாத்துக்கால் மாதிரி ரப்பர் செருப்பு, மலையேறுகிற ஷூ, வெயிலுக்கு ஒரு கிரீம், கொசுவுக்கு ஒரு கிரீம். நடுவில் பூப்போட்ட அரைக்கால் டவுசரில் கணவர், விசில் அடித்துக்கொண்டே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்.

மனைவிக்கு அந்த விசில்தான் பயமாக இருந்தது.

பின்னே? நகைப் பட்டறையில் உலைக்கு முன்னால் நிற்கிற மனுஷன். கல்யாணமான நாளிலிருந்து ஒரு நாள் லீவு போட்டதில்லை. குளியலறையில் தண்ணீர் கணுக்காலுக்கு மேலே ஏறினாலே கத்துவார். அப்படிப்பட்டவருக்குத் திடீரென்று படகில் போகணும், கடலுக்கடியில் மீன் பார்க்கணும் என்று ஆசை வந்தால் எந்தப் பெண்டாட்டிதான் நிம்மதியாக இருப்பாள்?

கிறுக்குத்தனம் அவருக்குப் புதிதல்ல. தலையில் எண்ணெய் வழிய வழிய வேலைக்குப் போவார். திரும்பி வந்ததும் ஒரு பேசினில் தலையை அலசுவார். அந்தத் தண்ணீரை அவள் தொடவே கூடாது. "முடி எவ்வளவு கொட்டுதுன்னு பார்க்கணும்மா" என்பார். சரி, தலையெழுத்து என்று அவளும் விட்டுவிட்டாள். ஆனால் இது வேறு மாதிரி இருந்தது.

"இந்தா, இதை உன் பெட்டியில வை" என்று அகலமான பெல்ட் ஒன்றை நீட்டினார்.

வாங்கியவளின் கை அப்படியே தொய்ந்து போனது. பெல்ட்டில் இருந்த குட்டிக் குட்டிப் பைகளுக்குள் சாம்பல் நிறக் கட்டிகள்.

"என்னங்க இது, செங்கல் மாதிரி கனக்குது?"

"ஈயக்கட்டிம்மா. இதை இடுப்புல கட்டிக்கிட்டாத்தான் கடலுக்கு அடியில போக முடியும். இல்லேன்னா மிதந்துக்கிட்டே இருப்போம்."

"எனக்குத்தான் நீச்சலே தெரியாதே!"

"நீச்சல் தெரியாதவங்களுக்குத்தான் இது ரொம்ப முக்கியம்."

"அப்போ உங்களுக்கு?"

"எனக்கு எதுக்கு? நான் படகுலேயே உட்கார்ந்துக்கறேன்."

அவள் சமையலறைக்கு ஓடி, அக்காவுக்குப் போன் போட்டாள். செய்தித்தாளில் கொலைச் செய்தி தவிர வேறெதையும் படிக்காத அக்கா அவள்.

"உன் பேர்ல இன்சூரன்ஸ் ஏதாவது எடுத்தாரா?"

"பயண இன்சூரன்ஸாம். போன வாரம்தான் கையெழுத்து வாங்கினார்."

"முடிஞ்சுது போ. பேசாம வயித்துவலின்னு படுத்துக்கோ. போகாதே."

"தெரு முழுக்கச் சொல்லிட்டேனேக்கா! புது நீச்சல் டிரெஸ் வேற வாங்கிட்டேன்."

அக்காவுக்கு அந்த நியாயம் புரிந்தது. "அப்போ உயிரோட திரும்பி வர்ற வழியைப் பாரு" என்று வைத்துவிட்டாள்.

படுக்கையறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அவர் யாரிடமோ போனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சா வரவே மாட்டா. பெல்ட் அவ பெட்டியிலதான் வருது. நீ கடலோரமா வந்து நில்லு. கையோட முடிச்சுடலாம்."

அவள் கதவை விட்டுப் பின்வாங்கினாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. அடுத்த நிமிஷமே பொல்லாத கோபம் வந்தது. இந்த மனுஷனுக்கா நான் இத்தனை வருஷம் எண்ணெய்ப் பிசுக்குத் தலையணை உறையைத் துவைத்துத் துவைத்துக் கை தேய்ந்தேன்!

அவர் குளிக்கப் போன நேரம், தெருவில் பழைய சாமான்காரரின் குரல் கேட்டது. இரும்பு, பித்தளை, ஈயம் எதுவானாலும் எடுத்துக்கொள்வாராம். அவள் யோசிக்கவே இல்லை. பெல்ட்டிலிருந்த கட்டிகளை உருவி ஒரு பையில் போட்டாள். அவை இருந்த இடத்தில் துணி துவைக்கிற சோப்பைத் திணித்தாள். மாடிப்படியில் தடதடவென்று இறங்கிப் போனாள்.

திரும்பி வரும்போது கையில் நீல நிறப் பிளாஸ்டிக் டப் ஒன்று இருந்தது. வாயில் பாட்டு இருந்தது. இனி எத்தனை ஆழத்தில் தள்ளினாலும் நுரைதான் வரும்!

டாக்சி வந்து ஹாரன் அடித்தது. கணவர் தம் கட்டி அவள் பெட்டியைத் தூக்கினார். அது பொசுக்கென்று மேலே வந்துவிட்டதில், பின்னால் சாய்ந்து கட்டிலில் விழுந்தார். முகம் வெளுத்தது. பெட்டியைத் திறந்து பெல்ட்டைப் பிதுக்கினார். அறை முழுக்கச் சோப்பு வாசனை.

"ஆமா, நான்தான் மாத்தினேன்!" அவள் இடுப்பில் கை வைத்து வெடித்தாள். "கல்லைக் கட்டி முக்கிக் கொன்னுட்டு, இன்சூரன்ஸ் பணத்துல ஜாலியா இருக்கலாம்னு பார்த்தீங்களா?"

"கொல்றதா? அடிப்பாவி! உன்னையா?" அவருக்கு அழுகையே வந்துவிட்டது. "பட்டறையில பறக்கிற தங்கத்தூள் எண்ணெய்த் தலையில ஒட்டிக்கும். அதை அலசி அலசி இத்தனை வருஷமா சேர்த்து உருக்கினேன். மேலே ஈயம் ஊத்திட்டா ஏர்போர்ட் எக்ஸ்ரேயில உள்ளே இருக்கிறது தெரியாது. நீச்சலுக்குப் போறவ பெல்ட்டை எவனும் நோண்ட மாட்டான். அங்கே வித்துட்டு, உன் பேர்ல கடலோரமா ஒரு வீடு வாங்கலாம்னு ஆளைக்கூட வரச் சொல்லியிருக்கேன்!"

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "அப்போ நிஜமாவே என்னைக் கொல்லப் பார்க்கலியா?" என்று அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"அதெல்லாம் அப்புறம். கட்டியெல்லாம் எங்கேடி?"

அவள் கையை மெதுவாக விலக்கிக்கொண்டாள். மூலையில் இருந்த நீல டப்பைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"பழைய சாமான்காரர்கிட்ட போட்டுட்டேங்க. ஈயத்துல இவ்வளவு எடையா நான் பார்த்ததே இல்லேம்மான்னு சந்தோஷப்பட்டு, டப்புக்கு மூடியும் சேர்த்தே குடுத்தாரு."