ஜன்னலுக்கு நேராக

பக்கத்து வீட்டு தஸ்லீமா இன்றும் காம்பவுண்டுச் சுவரோரம் நாற்காலியைப் போட்டு, மடியில் லேப்டாப்பை விரித்தாள். ஒரு வயர்கூட இல்லாமல் நெட் பார்த்தாள்!

பிரிசில்லாவுக்கு வயிறு எரிந்தது.

"பாருங்க, நம்மள வெறுப்பேத்தணும்னே நம்ம ஜன்னலுக்கு நேரா வந்து உக்கார்றா. அவ வீட்ல வேற எடமா இல்ல? நம்ம லேப்டாப்பு மட்டும் வயர்ல கட்டிப் போட்ட ஆடு மாதிரி மூலையில கெடக்குது!"

"உனக்கும் வயர் இல்லாம நெட்டு வேணும், அவ்ளோதான?" ஆம்பூர் ஷூ கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்திருந்த கணவர் சாலமோன், மறுநாள் காலையிலேயே கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூட்டி வந்துவிட்டார்.

கடைக்காரர் மோடத்தைத் திருப்பிப் பார்த்தார். "இந்தப் பொட்டியிலயே வயர்லெஸ் இருக்குதே! பாஸ்வேர்டு மட்டும் போட்டுத் தர்றேன்க்கா."

சாயங்காலம் பிரிசில்லா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், தஸ்லீமா வீட்டு ஜன்னலுக்கு நேராக லேப்டாப்போடு உட்கார்ந்தாள். அவளும் பார்த்து வயிறெரியட்டும்!

சுவருக்கு மேலே தஸ்லீமாவின் தலை தெரிந்தது. முகம் வாடியிருந்தது. பிரிசில்லாவுக்கு மனசு குளிர்ந்தது.

"அக்கா, உங்க வீட்டு நெட்டு ரிப்பேரா? காலையிலேர்ந்து இந்தச் சுவரோரம் உக்காந்தாகூட எனக்கு வர மாட்டேங்குதே!"