சிற்றினம்

அந்தக் கீழ்த்தாடை உள்ளங்கையில் அடங்கிவிடும். எப்போதோ அழிந்துபோன, பன்றி போன்ற ஒரு குளம்பு விலங்கினுடையது. அதன் உறவு விலங்குகளுக்கெல்லாம் தாடைக்கு அடியில் எலும்புக் குமிழ்கள் உண்டு; இதற்கு இல்லை. அதை வைத்துத்தான் தொல்லுயிர் ஆய்வாளரான தமயந்தி இருபது வருடங்களுக்கு முன் இதைத் தனிச் சிற்றினமாக வகைப்படுத்தி, ஆறு வயதில் இறந்த தன் மகள் குழலியின் பெயரைச் சூட்டினாள். லத்தீன் விகுதி சேர்ந்ததும் அது ‘குழலியே’ என்றாகிவிட்டது. அதன்பின் எந்தக் கருத்தரங்கிலும் அவளால் மகளை வாய்விட்டுக் கூப்பிட முடிந்தது. யாரும் ஒரு மாதிரி பார்க்கவில்லை.

உடன் வேலை பார்க்கும் செல்வின் இன்று அந்தத் தாடையின் எக்ஸ்ரே படத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான்.

“மேடம், இது தனி இனம் இல்ல. பெரிய இனத்தோட குட்டி. குமிழ் வளர்ற வயசே ஆகல. இதெல்லாம் பால் பல்லு. அடியில பாருங்க, அடுத்த பல்லு வெளிய வராமலே நிக்குது.”

தமயந்தி படத்தில் அந்த வெளிவராத பல்லின் மேல் விரலை வைத்தாள்.

“அப்போ இன்னும் வளர்ந்திருக்கும், இல்ல?”

“ஆமா மேடம். நல்லாப் பெருசா வளர்ந்திருக்கும்.”

பெயர் அட்டையை இழுத்து, பேனாவைத் திறந்தாள். அடித்து நீக்குவதற்கு முன் அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டு வாசித்தாள். யாரைக் கூப்பிடுகிறாள் என்று செல்வின் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.