கை முந்தும்

கேஷானி மெத்தையைத் தரைக்கு இழுத்துப்போட்டு, அதன் மேல் இரண்டு சாக்குகளை விரித்தாள்.

"குந்தும்மா."

அகஸ்டினா மலையில் தேயிலைக் கொழுந்தெடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். கழுவிய காலில் ஈரம் காயவில்லை. நேற்று விழுந்த காயத்துக்கு ஒட்டிய பிளாஸ்டர் நெற்றியோரத்தில் பிரிந்து நின்றது.

"இந்த வயசுல என்னைய சர்க்கஸ்ல சேக்கப் போறியா புள்ள?"

"குதிக்கிறதெல்லாம் பொறகு. மொதல்ல விழப் பழகணும்."

"அதுக்கு ஒரு பழக்கமா? அதத்தான் நான் நல்லாச் செய்றேனே."

அகஸ்டினா சிரித்துக்கொண்டே குந்தினாள். கேஷானிக்குச் சிரிப்பு வரவில்லை.

போன ஐப்பசியில் அம்மாவுக்கு வாய்க்குக் கீழே நாடி பிளந்தது. மழையில் தண்ணீர் ஓடும் கானோரம் சறுக்கிவிட்டது என்றாள்.

தையில் மூக்கு உடைந்தது. அதுவும் மழை.

ஆடியில் காற்றைத் தவிர ஒன்றுமில்லை. அப்போது புருவம் கிழிந்தது. காய்ந்த சருகு வழுக்கிவிட்டது என்றாள். மலையில் வேலை செய்கிறவர்களில் விழாதவர் யார் என்று லயத்து வீடுகளில் எல்லோரும் சொன்னார்கள்.

அந்த ஆடி முடிவதற்குள் கேஷானி ஜூடோ வகுப்பில் சேர்ந்தாள். பதுளையில் அவள் வேலை செய்யும் புடைவைக் கடைக்கு மேல்மாடியில், மாலையில் நடக்கும் வகுப்பு அது. சண்டை பிடிக்கும் ஆசை அவளுக்கு இல்லை. முதல் மாதங்களில் விழுவதை மட்டும்தான் சொல்லிக்கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். தான் கற்றுக்கொண்டு அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

வகுப்பில் அவள்தான் வயதில் மூத்தவள். மெதுவாகப் பழகியவளும் அவள்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேசையிலிருந்து குதித்து, முழங்காலை மடக்கி இறங்கி, தோளில் உருண்டு எழுந்துவிடுவார்கள். அவளோ மேசை விளிம்பிலேயே நின்றுகொண்டிருப்பாள்.

வீடு வரும் பஸ்ஸில் எல்லாவற்றையும் மனதுக்குள் வரிசையாகச் சொல்லிப் பார்ப்பாள். நாடியை நெஞ்சோடு ஒட்டு. முதுகை வளை. மூச்சை விடு. கையை ஊன்றாதே. சரியாகத்தான் பிடித்திருக்கிறோமா என்ற சந்தேகத்தில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவாள்.

முதல் நாள் வகுப்பில் றில்வான் சேர் எல்லோரையும் உள்ளங்கையைக் காட்டச் சொன்னார். சைக்கிளில் விழுந்தவன், படியில் உருண்டவள், எல்லோருக்கும் தழும்பு அங்கேதான் இருந்தது. பஸ் மிதிபலகையில் சறுக்கி விழுந்த கேஷானிக்கும் அங்கேதான்.

"விழுறப்ப கை முந்தும்," என்றார் சேர். "தவழுற புள்ளைக்கும் முந்தும், தாத்தாவுக்கும் முந்தும். அத மறக்க வைக்கத்தான் நான் இருக்கேன்."

"நாடிய நெஞ்சோட ஒட்டிக்கிட்டு பின்னுக்குச் சாயும்மா," என்று கேஷானி இப்போது அம்மாவின் தோளில் கைவைத்து மெதுவாகத் தள்ளினாள்.

அகஸ்டினாவின் இரண்டு கைகளும் சட்டென்று பின்னால் போய் மெத்தையில் ஊன்றின.

"பாத்தியா, கை முந்துது." கேஷானிக்கு உற்சாகமாகிவிட்டது. சேர் சொன்னது அப்படியே நடந்திருக்கிறது. "இப்பிடி ஊன்டுனா மணிக்கட்டு போயிரும். ஒவ்வொரு தடவையும் கல்லுல தேஞ்சி இந்த எடம் எப்பிடி ஆயிருக்கும்னு பாரு."

அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

விரல்களில் கொழுந்துக் கறை. தேயிலைக் கிளை கிழித்த மெல்லிய கோடுகள். அடியில் காய்ப்பு.

உள்ளங்கையில் ஒன்றுமே இல்லை.

மற்றக் கையையும் திருப்பினாள். தான்தான் சரியாகப் பார்க்கவில்லையோ என்று இரண்டையும் பல்புக்கு நேரே உயர்த்தினாள்.

கல் உரசிய ஒரு பழைய தழும்புகூட இல்லை. நாடியிலும் மூக்கிலும் புருவத்திலும் நெற்றியிலும் இருந்தவை கையில் இல்லை.

"நேத்து விழுந்தப்ப கைய எங்கம்மா ஊன்டுன?"

தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. அகஸ்டினா கையை மெதுவாக இழுத்து மூடிக்கொண்டாள்.

"வழுக்கல புள்ள."

கேஷானி மெத்தையில் நெருங்கி உட்கார்ந்தாள்.

"கண்ணு இருட்டும். பொறகு வாயில மண்ணுதான் தெரியும். நடுவுல என்னா நடந்திச்சின்னு எனக்கே தெரியாது."

"ஆஸ்பத்திரிக்குப் போவமும்மா. நாளைக்கே."

"போனா நோயத் துண்டுல எழுதிக் குடுப்பாங்க. துண்டு தோட்டத்து ஆபீசுக்குப் போவும். பொறகு மலைல ஏற விடமாட்டாங்க. மலையேறாட்டி தோட்டம் குடுத்த இந்தக் காம்பரா யாருக்கு? நீயும் நானும் எங்க போறது?"

சுவரில் மாதா படத்துக்குக் கீழே அம்மாவின் கொழுந்துச் சாக்கு காய்ந்துகொண்டிருந்தது. கேஷானி அதையே பார்த்தபடி இருந்தாள். நாடி, முதுகு, மூச்சு, கை. இத்தனை நாள் பஸ்ஸில் சொல்லிச் சொல்லி மனப்பாடமாக்கிய எல்லாமே, தாங்கள் விழுவது தெரிந்தவர்களுக்கு உரியது.

அகஸ்டினா மகளின் முகத்தைப் பார்த்தாள். நாடியை இழுத்து நெஞ்சோடு ஒட்டிக்கொண்டாள்.

"மூஞ்சிய அப்பிடி வச்சிக்காத. இம்புட்டுத் தூரம் போயி படிச்சிட்டு வந்திருக்க. நாளைக்கு மேமலைல கொழுந்து. வெரசாச் சொல்லிக்குடு, அடுத்தது என்னா?"

"மூச்ச விடும்மா," என்றாள் கேஷானி.

அகஸ்டினா மூச்சை விட்டு, சொன்னபடியே கையை ஊன்றாமல், மார்பின் மேல் கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள்.

மெத்தைக்கும் அவளுடைய பின்தலைக்கும் நடுவே கேஷானியின் கை முந்தியது.