காந்தா அக்கா நடித்த காட்சி

1992. ஒரே ஒரு கேசட்டை வைத்துக்கொண்டு குறும்படம் எடுத்துவிடலாம் என்று கல்லூரி மாணவன் சம்பத் நம்பிய காலம்.

சேலையூரில் காந்தா அக்கா படப்பிடிப்புக்கு வீடு கொடுத்தாள். "வாடகையெல்லாம் வாணாம். எனக்கும் ஒரு சீன் வையி, போதும்."

கல்யாண வீடியோக்காரரிடம் கெஞ்சி வாங்கிய கேமரா. கேசட்டில் மிச்சமிருந்ததோ கிளைமாக்ஸுக்கு மட்டும். கேமரா பிடித்த பூவராகனின் காதில் சம்பத் கிசுகிசுத்தான்: "ரெக்கார்டு போடாத மச்சான். சும்மா எடுக்கிற மாதிரி பிடி."

பட்டுப்புடவையில் வந்த அக்கா, காட்சிப்படி வெளியூர் போகும் மகனை வழியனுப்பிவிட்டு நிஜமாகவே அழுதாள். எல்லோரும் கைதட்டினார்கள். சம்பத்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த மாதம் வாடகைக்கு வீடியோ டெக் கொண்டுவந்து அக்கா வீட்டு டிவியிலேயே படத்தைப் போட்டார்கள். தெருவே கூடியிருந்தது. பதினைந்து நிமிடமும் ஓடி முடிந்தது. அதில் அக்கா ஒரு இடத்திலும் வரவேயில்லை.

"இன்னா காந்தா, உன்னைக் காணோம்?" என்றாள் பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாள்.

சம்பத் கேசட்டை எடுக்கிற சாக்கில் டெக் பக்கம் குனிந்துகொண்டான்.

"நான்தான் தூக்கச் சொன்னேன். அழுது மூஞ்சி கண்றாவியா இருந்துச்சு" என்று சிரித்தாள் அக்கா.

கூட்டம் கலைந்ததும் சம்பத் மென்று விழுங்கினான். "அக்கா, அன்னிக்கு வந்து..."

"கேமராவுல சிவப்பு லைட்டு எரியல, அதானே? அப்பவே பார்த்துட்டேன். என் தங்கச்சி கல்யாணத்துல அது எரியறப்பல்லாம்தானே தலையைச் சரி பண்ணிகினு நின்னேன்!"

"தெரிஞ்சுமா அப்படி அழுதீங்க?"

"எத்தினி வருஷத்து ஆசைடா! ஒரு லைட்டு எரியலன்னு விட்டுடுவேனா?"