பாத்திரத்தைத் தொடாதே

“அந்தப் பாத்திரத்தத் தொடாத,” என்றாள் வீரம்மாள்.

கயல்விழி குனிந்தவள் அப்படியே நின்றாள். “ஏன் அத்தே?”

“தொடாதன்னா தொடாத. நான் கழுவிக்கிறேன்.”

முந்தாநாள் விளக்குமாற்றைப் பிடுங்கிக்கொண்டாள். நேற்று துணி சோப்பை எடுத்துப் பரணில் வைத்தாள். இன்று அதற்கும் மேலே போய்விட்டாள். பீங்கான் கம்பெனிக்கே நடந்துபோய், “எங்க வூட்டுப் பொண்ணு இனிமே வேலைக்கு வராது” என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குவது கயல்விழியின் வேலை. வீரம்மாளும் அதே மேசையில் வருஷக்கணக்காகத் தேய்த்து, இடுப்பு விட்டுப்போய் வேலையிலிருந்து நின்றவள்தான்.

எல்லாம் கனடாவிலிருந்து விசா மனுவுக்குப் பதில் வந்த நாளிலிருந்து.

கயல்விழியின் கணவன் கார்முகில் அங்கே லாரி ஓட்டுகிறான். மனைவியை அழைத்துக்கொள்ள வக்கீல் வைக்கவில்லை. “நாமளே எழுதிப் போட்ரலாம் கயலு” என்றான். அவனுக்கு விடியும்போது இவளுக்குச் சாயங்காலம். போனைச் சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாக நிரப்பினார்கள்.

“மொத மொதல்ல எப்படிச் சந்திச்சீங்கன்னு கேக்குறாங்க.”

“பொண்ணு பாக்க வந்தீங்க.”

“நீ நிமிந்தே பாக்கலியே. அது சந்திச்சதுல சேருமா?”

“உங்க செருப்பப் பாத்தேனே. வாரு அறுந்து ஊக்கு குத்தியிருந்துது. அதையும் எழுதுங்க.”

அடுப்படியில் வீரம்மாள் சிரித்த சத்தம் அன்றைக்குக் கேட்டது. அவ்வளவு நன்றாக இருந்தவள்தான்.

“சென்னைக்குப் போயி கைரேகையும் போட்டோவும் குடுக்கணுமாம் அத்தே. ஒரு மாசத்துக்குள்ள. அது முடிஞ்சா அவங்க வேலதான் பாக்கி,” என்று கயல்விழி படித்துச் சொன்னதும் அவள் முகம் விழுந்துவிட்டது.

“அப்ப நீ போறதுதான்.” கட்டைவிரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “ரேஷன் கடையில எனக்கு யாரு நிக்கிறது? உன் போனுக்கு வர்ற நம்பரச் சொன்னாத்தான் அரிசி போடுறான்.”

மறுநாளே ஆரம்பித்துவிட்டாள்.

பக்கத்து வீட்டுக் கண்ணம்மாள் தண்ணீர் பிடிக்கும்போது மெதுவாகச் சொன்னாள்: “நீ போறது உன் மாமியாளுக்குப் புடிக்கல. இப்பவே உன்ன விருந்தாளி ஆக்கிட்டா பாரு.”

கயல்விழிக்கு அது முள்ளாகத் தைத்தது. கார்முகிலிடம் சொல்லி அழுதாள்.

“நான் வேணா அம்மாகிட்டப் பேசட்டா?”

“வேணாங்க. போற நேரத்துல எதுக்கு.”

சாப்பிட்டு முடித்ததும் வீரம்மாள் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளுவாள். “தடவு. கையா இது, ஓணான் முதுகாட்டம் இருக்குது. இதோடயா வெளிநாட்டுல போயி நிப்ப?”

கயல்விழி தடவிக்கொள்வாள். அந்தப் பக்கம் வீரம்மாள் இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு பாத்திரம் கழுவுவாள்.

கெடு முடியப்போகிற வாரத்தில் கயல்விழி ரயிலேறிச் சென்னைக்குப் போனாள். விசா மையத்தில் அவளுக்கு முன்னால் ஒரு கொத்தனார் நின்றார். கண்ணாடிப் பலகையில் விரலை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். ஒவ்வொரு முறையும் சிவப்பு விளக்கு எரிந்தது.

“சிமெண்டு வேலையாண்ணே?” என்றாள் மெஷின் பக்கம் இருந்த பெண். “ரேகையெல்லாம் தேஞ்சு போயிருக்குது. ஒரு மாசம் கைவேல எதுவும் செய்யாம இருந்துட்டு வாங்க. வளந்துடும்.”

“கெடு நாளையோட முடியுதும்மா,” என்றார் அவர், விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டே.

அடுத்தது கயல்விழி. விரல்களை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. திரையில் அவள் ரேகைகள் உழுது போட்ட கொல்லை மாதிரி வரிவரியாக விரிந்தன.

கயல்விழி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரேஷன் கடை மெஷின் ஞாபகம் வந்தது. முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்தாலும் அது ஒருநாளும் ஏற்றுக்கொள்ளாத அத்தையின் கட்டைவிரலும்.

வெளியே வந்து போனை எடுப்பதற்குள் அதுவே அடித்தது.

“வுழுந்துதா?” என்றாள் வீரம்மாள்.

“வுழுந்துது அத்தே. பத்து வெரலும்.” கயல்விழி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். “ஏன் அத்தே எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னா நீ வெரலயே பாத்துக்கிட்டு, சோறு தண்ணி இல்லாம கெடப்ப.”

மறுமுனையில் நீளமாக ஒரு மூச்சு கேட்டது.

“சரி, சீக்கிரம் வந்து சேரு. காலையிலேருந்து பாத்திரம் அப்படியே கெடக்குது. வந்து நீயே கழுவு.”