ஆறா, எட்டா?

"அண்ணாச்சி, உங்க வெள்ளிக்கிழமைக் கிராக்கி வந்தாச்சு" என்றான் ஞானதுரை. குரலில் அம்புட்டுக் கடுப்பு.

ராஜபாளையத்தில் காளிராஜும் அவனும் கூட்டாகப் பழைய கார் வாங்கி விற்றார்கள். நொடித்துப்போன ஒரு ஜமீனின் இரண்டு பெரிய கார்களை ஏலத்தில் எடுத்திருந்தார்கள். இரண்டுக்கும் ஒரே கறுப்பு நிறம், ஒரே தோல் மெத்தை. இஞ்சின்தான் வேறு. ஒன்று ஆறு சிலிண்டர், மற்றது எட்டு.

இதில் எதை வாங்குவது என்று வாராவாரம் வந்து யோசிப்பவர் கண்ணுச்சாமி. அய்யனார் கோவில் மலையடியில் ஒரு மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்துப் பிழைக்கிறவர்.

"வாங்கண்ணே" என்று காளிராஜ் எழுந்தார். "போன வாரம் ஆறை ஓட்டிப் பாத்தீங்களே, எப்படி?"

"இழுவை நல்லாத்தான் இருக்கு மொதலாளி. ஆனா கௌம்புறப்ப ஒரு வெட்டு வெட்டுது. கியர் மாத்துறப்ப இன்னொரு வெட்டு."

"ஆறுன்னா அப்படித்தான். பெட்ரோல் மிச்சமாகும்ல! எட்டு பெட்ரோலைக் குடிக்கும். ஆனா டம்ளர் நிறைய மோரை வச்சுக்கிட்டுப் போகலாம், ஒரு சொட்டு சிந்தாது."

"அப்ப இன்னைக்கு எட்டைப் பாத்துருவோமா? மேட்டுல எப்படி ஏறுதுன்னு அய்யனார் கோவில் ரோட்டுல ஒரு ஓட்டம். சமதரையில எப்படிப் போகுதுன்னு சீவில்லிபுத்தூருக்கு ஒரு ஓட்டம்."

ஞானதுரைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காளிராஜை ஓரமாக இழுத்துப் போனான்.

"அந்தாளு தோப்புல மாங்கா காய்க்குதா, ரூபா காய்க்குதா? ஓசிச் சவாரிக்கு வாராரு அண்ணாச்சி! நாம ஊத்துற பெட்ரோல்ல ஊர் சுத்திட்டு, வெட்டுதாம், குலுக்குதாம். தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்குற கதையா இருக்கு."

"கார் வாங்குறவன் நாலு தரம் ஓட்டித்தான் பாப்பான் தம்பி."

"அப்படின்னா இன்னைக்கு டிரைவர் சூசை வேண்டாம். நானே ஓட்டிட்டுப் போறேன். குட்டு வெளிப்படட்டும்."

காளிராஜ் என்னவோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "சரி, போயிட்டு வா" என்றதோடு விட்டுவிட்டார்.

எட்டு சிலிண்டர் மேட்டில் வழுக்கிக்கொண்டு ஏறியது. தோப்பு வாசல் வந்ததும் கண்ணுச்சாமி, "செத்த நேரம் நிப்பாட்டுங்க தம்பி. வீட்டுக்காரியும் உக்காந்து பாத்துச் சொல்லணும்ல" என்றார்.

'சரிதான். இனி குடும்பத்தோட ஊர்வலம்' என்று நினைத்துக்கொண்டான் ஞானதுரை.

கயிற்றுக் கட்டிலில் வைத்து இரண்டு பேர் அவளைத் தூக்கி வந்தார்கள். முத்துப்பேச்சி. மாங்காய் பறிக்க ஏணியில் ஏறி விழுந்து காலை முறித்துக்கொண்டவள். முழங்காலிலிருந்து பாதம் வரைக்கும் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டியிருந்தது.

பின் சீட்டு அகலமானது. கட்டுப்போட்ட காலை நன்றாக நீட்டிப் படுக்க வைத்தார்கள். கண்ணுச்சாமி கீழே குந்தி அந்தக் காலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். ஞானதுரையின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

"மெதுவா, தம்பி."

ஞானதுரை வாழ்நாளில் அவ்வளவு மெதுவாகக் கிளட்சை விட்டதில்லை.

பாதி வழியில் பின்னாலிருந்து முத்துப்பேச்சியின் குரல் வந்தது. "போன வாரம் வந்த வண்டியில உசிரு போயி உசிரு வந்துச்சு. இது தேவல. இதையே வாங்கிருங்க."

"வாங்குவோம், வாங்குவோம். யோசிச்சுல்ல முடிவு பண்ணணும்" என்றார் கண்ணுச்சாமி.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் முறிந்த இடத்துப் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டினார். "நல்லா ஆறி வருது. இன்னும் நாலு வாரம் இப்படியே வந்து காட்டுங்க, கட்டைப் பிரிச்சிரலாம். மாட்டு வண்டியில மட்டும் கொண்டாந்துராதீங்க. குலுக்கல்ல எலும்பு விலகிச்சுன்னா காலையே எடுக்க வேண்டி வரும்."

திரும்பி வந்து மனைவியை இறக்கிவிட்ட பிறகு, கண்ணுச்சாமி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கார் வாங்க எனக்கு வக்கில்ல தம்பி. சும்மா ஏத்திட்டுப் போங்கன்னு கேக்க வாயும் வரல. மொதலாளிக்குத் தெரிஞ்சா அவரு மூஞ்சியில முழிக்க முடியாது."

ஞானதுரைக்கு வெட்கமாக இருந்தது.

"எட்டை நீங்க இன்னும் சரியாப் பாக்கலண்ணே" என்றான். "அடுத்த வெள்ளிக்கிழமை வாங்க."

ஷெட்டுக்கு வந்தால், திருநெல்வேலி ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் பணப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"இந்தா, நீங்க கேட்ட எட்டு சிலிண்டரே வந்திருச்சு. ஓட்டிட்டு வந்தவன்கிட்டயே கேளுங்க" என்றார் காளிராஜ்.

"எப்படி இருக்கு தம்பி இஞ்சின்? நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே எடுத்துட்டுப் போயிருதேன்."

ஞானதுரை தலையைச் சொறிந்தான். காளிராஜ் பக்கம் திரும்பவே இல்லை.

"இல்லைங்க... இஞ்சின்ல ஒரு சின்னச் சந்தேகம். இன்னும் நாலு வாரம் ஓட்டிப் பாத்துத்தான் எதையும் சொல்ல முடியும்."

"நாலு வாரமா! நல்லா யாவாரம் பண்ணுதீங்கய்யா!" ஜவுளிக்கடைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

கையில் வந்த கிராக்கியைத் துரத்திவிட்டாயிற்று. வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகி நின்றான் ஞானதுரை. என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டும் இருந்தான்.

காளிராஜ் காரின் பின்கதவைத் திறந்து, மெத்தையில் ஒட்டியிருந்த பஞ்சுத் துணுக்கை எடுத்துக் கீழே போட்டார்.

"முத்துப்பேச்சி கால்கட்டைப் பிரிக்க இன்னும் நாலு வாரம் ஆகுமாக்கும்?" என்றார்.